ரேக்ளாவும் பனிச்சறுக்கும்



சென்ற தை மாதம் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதமும், அதனுடன் கைப்பேசியில் பார்க்கத்தக்க ஒரு சிறு படமும் வந்தன. அவர் காங்கயத்திற்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். கணக்கில் வல்லவர். காலையில் மாடுகளைக் காட்டில் விட்டுவிட்டு வருவதனால், பெரும்பாலும் மணி அடித்த பிறகே வகுப்பில் நுழைவார். இப்பொழுது கனடா நாட்டில் ஓர் ஆலையில் பொறியாளராக இருக்கிறார்.

படம் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. எங்கும் வெண்மை. இரு பக்கமும் ஊசியிலை மரங்கள். நடுவே, இயந்திரத்தால் பனியைச் சமன்செய்து அமைத்த ஒரு பாதை. அதில் இரண்டு நாய்கள் நாலு கால் பாய்ச்சலில் ஓடுகின்றன. அவற்றின் மார்புப் பட்டைகளிலிருந்து வரும் கயிறு என் மாணவரின் இடுப்பில் கட்டியிருக்கிறது. அவருடைய கால்களில் நீண்ட மெல்லிய சறுக்குக் கட்டைகள். கைகளில் இரண்டு ஊன்றுகோல்கள். பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. அவர் ஒரே ஒரு சொல் சொல்கிறார். நாய்கள் இடப்பக்கம் திரும்புகின்றன. அவ்வளவுதான் படம்.

கடிதத்தின் இறுதியில் அவர் எழுதியிருந்தார்: "ஐயா, இது நம் ஊர் ரேக்ளாவைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அது என்ன என்று நீங்கள் கண்டுபிடித்து எழுத வேண்டும்."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகியவனுக்கு, ஒரு மாணவர் கேள்வித்தாள் அனுப்பினால் எப்படியிருக்கும் என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். சக்கரம் இல்லை என்று எழுதலாமா? நுகத்தடி இல்லை என்று எழுதலாமா? இவையெல்லாம் ஐந்தாம் வகுப்பு விடைகள். அவர் கருதியது வேறு என்று எனக்குத் தெரிந்தது. அந்த விடையைத் தேடியபோது என் மனம் சென்ற வழியைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். இதற்கு ஸ்கீஜோரிங் என்று பெயர். சறுக்குக் கட்டையில் நின்று ஓட்டுதல் என்று பொருள்படும் நார்வே மொழிச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. நிலமெல்லாம் உறைந்து கிடக்கும் வடநாடுகளில், மனிதன் காலில் கட்டைகளைக் கட்டிக்கொண்டு பனிமேல் வழுக்கிச் செல்லக் கற்றது மிகப் பழங்காலத்தில். பின்னர், அக்கட்டைகளில் நின்றவாறே துருவமானையும் குதிரையையும் நாயையும் தன்னை இழுக்கச் செய்தான். 1928-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் செயின்ட் மோரிட்ஸ் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், குதிரைகள் சறுக்கு வீரர்களை இழுத்தோடும் போட்டி ஒரு காட்சிப் போட்டியாக நடத்தப்பெற்றது.

நாய்களைக் கொண்டு ஓட்டுவது அதனினும் எளிய, வீட்டளவிலான விளையாட்டு. ஒரு நாய் முதல் மூன்று நாய்கள் வரை பூட்டுவார்கள். கயிறு ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை நீளமிருக்கும். அதில் ஒரு பகுதி ரப்பரைப் போல நீண்டு சுருங்கும். நாய் திடீரெனப் பாயும்போது அந்த உதறல் மனிதனின் இடுப்பையோ நாயின் மார்பையோ தாக்காமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு. நாயின் காலில் பட்டால் வெட்டிவிடும் என்பதனால், ஓரத்தில் எஃகு விளிம்பு இல்லாத கட்டைகளையே அணிகிறார்கள். சறுக்குபவரும் பொம்மைபோல நிற்பதில்லை. தம் கால்களாலும் கோல்களாலும் உந்திக்கொண்டே செல்கிறார். மேட்டில் நாய்களோடு சேர்ந்து பாதிப் பாரத்தைத் தாமே சுமப்பார் என்று சொன்னாலும் தவறில்லை. வலம், இடம், நில், புறப்படு, பக்கத்தில் வேறு நாய் வந்தால் பாராமல் போ, ஆகிய இந்தச் சில சொற்களே நாய்கள் கற்கும் பாடம்.

இதைப் படித்தபோது எனக்கு ரேக்ளா நினைவுக்கு வருவதற்கு முன், பரம்புப் பலகை நினைவுக்கு வந்தது. திருப்பூர் வட்டாரம் என்றவுடன் பனியனும் நூலும் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் தாராபுரத்தை ஒட்டி அமராவதி ஆறு பாயும் பக்கம் நெல்வயல்கள் உண்டு. உழுத சேற்றைச் சமப்படுத்த, இரண்டு மாடுகளின் பின்னே அகலமான பலகையைக் கட்டி இழுக்கச் செய்வார்கள். பலகைக்குப் பாரம் வேண்டும். அந்தப் பாரம் பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்களே. என் அத்தை வீட்டு வயலில் நான் அப்படிப் பாரமாக நின்றிருக்கிறேன். காலின் கீழே பலகை வழுக்கும். சேற்றுநீர் இரு பக்கமும் எழும்பும். விழுந்தால் வாயெல்லாம் சேறு. கனடாவில் பனி, எங்களுக்குச் சேறு. அந்த வயதில் அது வேலை என்றே எனக்குத் தெரியாது.

தென்கன்னட மாவட்டத்திலும் உடுப்பியிலும் இந்த வயல்வேலையே ஒரு பந்தயமாக வளர்ந்திருக்கிறது. அதற்குக் கம்பளா என்று பெயர். சேறும் நீரும் நிறைந்த நீண்ட தடத்தில் ஓரிணை எருமைகள் ஓடும்; ஒருவர் அவற்றின் பின்னே ஓடுவார், அல்லது ஒரு பலகைமேல் நின்று செல்வார். பலகையில் உள்ள துளை வழியாக நீர் எவ்வளவு உயரம் பீய்ச்சியடிக்கிறது என்பதை வைத்து வெற்றியை முடிவு செய்யும் பிரிவும் அதில் உண்டு.

2020-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஸ்ரீநிவாச கௌடா என்னும் கம்பளா வீரர் 142.5 மீட்டர் தூரத்தை 13.62 நொடியில் கடந்தார். யாரோ ஒருவர் வகுத்துப் பார்த்து, நூறு மீட்டருக்கு 9.55 நொடி என்றார். உசேன் போல்ட் 2009-இல் நிறுவிய உலகச் சாதனை 9.58 நொடி. உடனே நாடெங்கும் ஒரே பரபரப்பு. ஓட்டப்பந்தயப் பயிற்சிக்கு வருமாறு அவருக்கு அழைப்பும் சென்றது. அவர் அதை ஏற்கவில்லை.

கணக்குத் தவறா? வகுத்தது சரியே. ஒப்பிட்டதுதான் தவறு. போல்ட் தம் கால்களால் ஓடினார். கம்பளா வீரரோ எருமைகளின் கயிற்றைப் பிடித்தபடி ஓடினார். அவருடைய வேகத்தில் பெரும்பகுதி எருமைகளுடையது. இதைச் சொல்வதனால் அவருடைய திறமை சிறிதும் குறையாது. மணிக்கு முப்பத்தேழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், வழுக்கும் சேற்றில், விழாமல் தொடர்ந்து ஓடுவதற்கு வேறொரு திறமை வேண்டும். ஆனால் இழுக்கப்படுகிறவனுடைய வெற்றியில் இழுப்பவற்றின் பங்கை நாம் எவ்வளவு எளிதில் மறந்துவிடுகிறோம் என்பதற்கு இது நல்ல சான்று. செய்தித்தாள்களில் வீரரின் பெயரைப் பலமுறை படித்தேன். எருமைகளின் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். ரேக்ளா என்பது மிகச் சிறிய, இலேசான இரண்டு சக்கர வண்டி. பாரம் ஏற்ற உதவாது. ஓட்டுபவர் அமர்வதற்கே அதில் இடம். காங்கயம், தாராபுரம், உடுமலை, பல்லடம், பொள்ளாச்சி ஆகிய பகுதிகளில் இதில் காளைகளைப் பூட்டிப் பந்தயம் ஓட்டுவது வழக்கம். மதுரை, சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கங்களில் பல வண்டிகள் ஒன்றாகப் புறப்பட்டு, நெடுஞ்சாலையில் பல மைல் தூரம் போய்த் திரும்பும் பந்தயம் நடக்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்றெல்லாம் அங்கே பிரிவுகள் உண்டு. கொங்குநாட்டு முறை வேறு. இங்கே தூரம் இருநூறு மீட்டர் அல்லது முந்நூறு மீட்டர்தான். வண்டிகள் ஒவ்வொன்றாக ஓடும். எதிரி பக்கத்தில் இருப்பதில்லை. கடிகாரமே எதிரி. குறைந்த நொடியில் கடந்த இணைக்குப் பரிசு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஓடுபவை பெரும்பாலும் காங்கயம் காளைகள். அவற்றின் கன்றுகள் பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, நாலைந்து மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். வளர்ந்த பொலிகாளைக்குத் தலையும் திமிலும் முன்பின் தொடைகளும் கருமை ஏறியிருக்கும். கொம்புகள் வெளிப்புறமாக வளைந்து பின்னோக்கிச் சென்று, நுனிகள் ஒன்றையொன்று நெருங்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் இந்த இனத்தைப் பேணி வளர்த்த வரலாறு பெரிது. அதற்கு இன்று நேரமில்லை. ஆனால் இந்த மாட்டை உருவாக்கிய நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

எங்கள் பக்கம் கொறங்காடு என்று ஒன்று உண்டு. மழை குறைந்த, சரளை நிறைந்த மேய்ச்சல் காடு. தனியாருடைய நிலம். சுற்றிலும் கிளுவை முள்ளால் உயிர்வேலி. உள்ளே அங்கங்கே வெள்வேல மரங்கள். தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். ஒரு மழை பெய்தால் பத்து நாளில் புல் எழும்பிவிடும். மழை இல்லாவிட்டால் காய்ந்த தாளையும் வேலங்காயையும் தின்று மாடு காலம் தள்ளும். சரளையில் நடந்து நடந்து குளம்பு இறுகும். இந்த மாடுகள்தாம் ஒரு காலத்தில் எங்கள் ஆழ்கிணறுகளில் கவலை இழுத்தன. பருத்திப் பொதிகளைத் திருப்பூர்ச் சந்தைக்குக் கொண்டுசேர்த்தன. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. கிணற்றில் மின் இறைப்பான் ஏறியது. கவலை மாடு இறங்கியது. பிறகு லாரி வந்தது; டிராக்டர் வந்தது. கொறங்காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். மாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. வேலை இல்லாத மாட்டை யார் வைத்திருப்பார்? ரேக்ளா இல்லையென்றால் இன்று பல வீடுகளில் காளைக்கன்று பிறந்தவுடன் அதை விற்றுவிடுவார்கள். பந்தயத்தை எதிர்ப்பவர்கள் இந்த உண்மையையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு காளைகளை ஒரு நுகத்தில் பூட்டுவதில் ஓர் அழகிய இயற்பியல் இருக்கிறது. நுகத்தடி ஒரு நெம்புகோல். அதன் நடுவே வண்டியின் ஏர்க்கால் பிணைந்திருக்கிறது. இரு காளைகளும் ஒத்த வலிமையுடையவையானால் பிணைப்பு நடுவில் இருக்கும். ஒன்று வலிமை மிக்கதாயின் என்ன செய்வது? பிணைப்பை வலியதன் பக்கம் சற்றே நகர்த்த வேண்டும். நுகத்தின் இரு நுனிகளுக்கும் இடையே 180 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். வலிய காளையின் பக்கம் 80, மெலிய காளையின் பக்கம் 100 என்று பிணைத்தால், வலியது ஐந்து பங்கும் மெலியது நான்கு பங்கும் இழுக்கும்போது நுகம் நேராக நிற்கும். இதைப் பள்ளிக்கூடமே செல்லாத உழவர்கள் கண்ணளவாலேயே செய்தார்கள். நான் திருப்புத்திறன் பாடம் நடத்தும்போதெல்லாம் தராசை எடுப்பதில்லை; நுகத்தடியைத்தான் கரும்பலகையில் வரைவேன்.

ஆனால் இந்த நெம்புகோல் உயிருள்ளவற்றின் கழுத்தில் இருக்கிறது. ஒரு காளை திடீரென முன்னே பாய்ந்தால், மறு காளையின் கழுத்து முறுகும். நாய்களுக்கு இந்தத் துன்பம் அந்த அளவுக்கு இல்லை. இரண்டும் தத்தம் மார்புப் பட்டையில் தனித்தனியே இழுக்கின்றன.

இதை நான் நூலில் மட்டும் படித்து அறியவில்லை. 1971-ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது. என் தாய்மாமனிடம் ஒரு சவாரி வண்டியும் ஓரிணைக் காளைகளும் இருந்தன. வலத்து மாட்டின்மீது எனக்குத் தனி அன்பு. என் கையிலிருந்து சோளத்தட்டு வாங்கித் தின்னும். தின்றுவிட்டு என் புறங்கையைச் சொரசொரப்பான நாக்கால் நக்கும். ஒரு நாள் காங்கயம் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி வெறுமையாக இருந்தது. நெடுநாள் கெஞ்சியதன் பேரில் மாமா கயிற்றை என் கையில் கொடுத்திருந்தார். பின்னாலிருந்து வேறொரு வண்டி வந்து எங்களைத் தாண்டியது. அதில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

வண்டியின் பக்கவாட்டில் ஒரு தார்க்குச்சி செருகியிருக்கும். நுனியில் ஆணி வைத்த குச்சி. மாமா அதை எடுத்து நான் பார்த்ததில்லை. அன்று நான் எடுத்தேன். வலத்து மாட்டின் விலாவில் குத்தினேன்.

அது ஒரே பாய்ச்சலாக முன்னே சென்றது. நுகம் கோணியது. இடத்து மாடு கழுத்து முறுகி, சரளைமேல் முழங்காலிட்டு விழுந்தது. வண்டி அதை நாலைந்து முழம் இழுத்துச் சென்று நின்றது. முழங்காலில் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு இரத்தம் வந்தது.

மாமா "இறங்கு" என்றார். அந்த ஒரு சொல்தான். மாடுகளை அவிழ்த்தார். வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார். இரண்டு மாடுகளையும் பிடித்துக்கொண்டு இரண்டு மைல் நடந்தார். நான் பின்னே நடந்தேன். என்னை அவர் அடிக்கவில்லை. வீட்டிலும் எவரிடமும் சொல்லவில்லை.

முழங்கால் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆறாதது வேறொன்று. வலத்து மாடு அதன்பின் என் கையில் எதையும் வாங்கவில்லை. அதன் வலப்பக்கமாக யார் போனாலும், உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு விலகும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் அந்த இணையை விற்றோம். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசி முடிந்த பிறகு, மாமா வாங்கியவரிடம், "ஏனுங்க, ஒண்ணு சொல்லிப்போடறேன். இந்த மாடு வலக்கைப் பக்கம் ஆள் வந்தா மிரளுங்க" என்றார். மறுபடி விரல் பிடித்தார்கள். விலை குறைந்தது. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சியில் உளநூல் வகுப்பில், அச்சம் எவ்வாறு மனத்தில் ஊன்றிவிடுகிறது என்று பாடம் நடத்தினார்கள். எனக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. எனினும், பணியேற்ற முதல் சில ஆண்டுகளில் நானும் மேசைமேல் பிரம்பு வைத்திருந்தவன்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். மூன்று முறை விடை எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் "சாட்டை இல்லை" என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. "பாதி மதிப்பெண் தருகிறேன், ஐயா" என்று தொடங்கியது அது.

அவர் எழுதியதன் சாரம் இதுதான். நாய்களைப் பழக்கிய முதல் வாரத்தில், ஒரு நாள் அவர் அவசரப்பட்டு மிகுந்த தூரம் ஓட்டிவிட்டார். மூத்த நாய் பாதையின் நடுவே உட்கார்ந்துகொண்டது. சிறிது நேரத்தில் இளையதும் பனியில் படுத்துவிட்டது. இவர் கூவினார், கெஞ்சினார். பயனில்லை. கயிற்றால் இழுக்கலாமே தவிரத் தள்ள முடியாது. இழுக்கும் முனை நாயிடம் இருக்கிறது; இழுபடும் முனை இவருடைய இடுப்பில் இருக்கிறது. அந்தக் கயிற்றைக் கொண்டு இவர் நாயை எதுவும் செய்ய இயலாது. கட்டைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, நாய்களை அழைத்தபடி நாலு கிலோமீட்டர் நடந்தே வீடு வந்தார். "ஐயா, நாய் மறுக்கலாம். நம் காளையால் மறுக்க முடியாது. அதற்கு மூக்கணாங்கயிறு இருக்கிறது. அதுதான் வேறுபாடு" என்று முடித்திருந்தார்.

நல்ல விடை. ஆனால் நான் தலைமையாசிரியராக இருந்தவன். முழு மதிப்பெண் எளிதில் தருபவன் அல்லன். அவர் சொல்வதில் இரண்டு இடங்களை ஆராய வேண்டும்.

ஒன்று, மூக்கணாங்கயிறு கொடுமைக்காக மட்டும் வந்ததன்று. பல நூறு கிலோ எடையுள்ள ஒரு பிராணியை ஒரு சிறுவனோ ஒரு கிழவியோ பிடித்துச் செல்ல வேண்டுமானால், ஏதோ ஒரு பிடி வேண்டும். நாயை அப்படிப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. மற்றொன்று, நாய் கூட்டமாக ஓடி வேட்டையாடிய இனத்தில் வந்தது. ஓடுவது அதன் இயல்பு. மாடு மேய்கிற பிராணி. அது ஓடுமானால் அச்சத்தால்தான் ஓடும் என்று கூறுவோர் உளர். இந்திய உச்சநீதிமன்றம் 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயங்களையும் தடை செய்தபோது, காளையின் உடலமைப்பு இத்தகைய செயல்களுக்கு ஏற்றதன்று என்றே கூறியது. பசியிலிருந்து விடுதலை, வலியிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை என்று விலங்குகளுக்கு உரிய ஐந்து விடுதலைகளையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. 2017 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் பிற ஊர்களிலும் உங்களைப் போன்ற மாணவர்கள் திரண்டதையும், தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததையும் நீங்கள் அறிவீர்கள். தமிழ்நாடு, கர்நாடகம், மராட்டியம் ஆகிய மூன்று மாநிலங்களின் திருத்தங்களும் செல்லும் என்று 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

சட்டம் அனுமதித்துவிட்டது. கேள்வி தீர்ந்துவிட்டதா? காளை மகிழ்ச்சியாக ஓடுமா, ஓடாதா என்பதைச் சட்டப்புத்தகத்தில் காண முடியாது. கொறங்காட்டில் காணலாம். முதல் மழை பெய்து ஓய்ந்த மாலையில் அங்கே போய்ப் பாருங்கள். கன்றுகள் வாலைத் தூக்கிக்கொண்டு, ஒன்றையொன்று துரத்தி, வேலி வரை ஓடித் திரும்பும். யாரும் விரட்டுவதில்லை. சில நேரம் கிழட்டுப் பசுக்களும் நாலு எட்டு துள்ளும். எனவே ஓட்டமே அதற்குப் பகை என்று நான் ஒப்பமாட்டேன். அந்த ஓட்டத்தைக் கெடுக்காமல் தடத்திற்குக் கொண்டுவர முடியுமா என்பதே கேள்வி.

இங்கேதான் முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன செய்தி வருகிறது. பக்கத்தில் எதிரி வண்டி ஓடும்போது, பன்னிரண்டு வயதில் என்னைப் பிடித்த பேய் எந்த வண்டிக்காரனையும் பிடித்துவிடும். கை தானாகக் குச்சியைத் தேடும். கடிகாரத்தை எதிரியாகக் கொண்ட ஓட்டத்தில் அந்தச் சீண்டல் இல்லை. மிரண்ட காளை கோணி ஓடும். கோணினால் நொடி வீணாகும். ஆகையால் இம்முறையில் குச்சியைவிடப் பழக்கத்திற்கே மதிப்பு அதிகம். வால் கடிப்பதும் ஆணி வைப்பதும் அறவே ஒழிந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. ஒழிவதற்கு ஏற்ற வடிவம் நம்மிடம் இருக்கிறது என்கிறேன்.

சென்ற மாசியில் உடுமலைப் பக்கத்தில் ஒரு ரேக்ளாப் பந்தயத்தைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் அதில் பெயர் கொடுத்திருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரவு முறையில் தையல் வேலை. காலையில் ஊர் திரும்பியதும் தூங்குவதற்கு முன் காளைகளை நடத்திச் செல்வார், கிணற்றில் நீந்தவிடுவார், பருத்திக்கொட்டை அரைத்துப் பால் எடுத்து ஊட்டுவார். சம்பளத்தில் பாதி அந்த ஆட்டுக்கல்லில் போகிறது என்று அவர் தாய் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவருடைய முறை வந்தது. வண்டி கோட்டில் நின்றது. ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள். கொடி அசைந்தது. இடத்து மாடு புறப்பட எத்தனித்தது. வலத்து மாடு நகரவில்லை. முன்கால்களை ஊன்றிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, மூச்சு விட்டது. பக்கத்திலிருந்தவர்கள், "வாலை முறுக்கு", "ஒரு போடு போடு" என்று கத்தினார்கள். ஒருவர் தம் கையிலிருந்த குச்சியை நீட்டவும் செய்தார். இளைஞர் கயிற்றைத் தளர்த்தி நாக்கைச் சொடுக்கிப் பார்த்தார். இன்னொரு முறை சொடுக்கினார். பிறகு வண்டியிலிருந்து இறங்கினார்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூட்டாங்கயிற்றை அவிழ்த்தார். கட்டிய பணம் போனது போனதுதான். அடுத்த வண்டிக்கு வழிவிடச் சொல்லி ஒலிபெருக்கி அவசரப்படுத்தியது. அவர் காளைகளைப் புளியமரத்தடிக்கு அழைத்துச் சென்று, தண்ணீர் காட்டிவிட்டு, வலத்து மாட்டின் முன்னங்காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். நான் அருகில் சென்றேன். குளம்பின் பிளவில் ஒரு சிறு கல் சிக்கியிருந்தது. விரலால் அதை நெம்பி எடுத்து, "பாத்தீங்களாங்க ஐயா" என்று என்னிடம் காட்டினார்.

நான் மாட்டின் வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அது விலகவில்லை.